அடுத்தவர் துணி

வசூலுக்கு வருகிறவன் முரட்டு மீசையும் சிவந்த கண்ணுமாக வருவான் என்றுதான் மோகனப்பிரியா எதிர்பார்த்திருந்தாள். வந்தவரோ நெற்றியில் திருநீறும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாக, ஜாதகம் கொண்டுவந்த கல்யாணத் தரகர் மாதிரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஏனுங்க, சரவணன் ஊடு இதுதானுங்களா?"

அவருக்குப் பின்னால் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை. டிரைவர் சீட்டில் தடியாக ஒருத்தன் உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரித்து மிக்சர் தின்றுகொண்டிருந்தான். காலி வண்டியை அவள் மறுபடியும் பார்த்தாள். பணம் கேட்க வருகிறவருக்கு வண்டி எதற்கு?

"அவரு ஊருக்குப் போயிருக்கறாருங்க. நீங்க யாருங்க?"

"ஈஸ்வரமூர்த்திங்க அம்மணி. ஃபைனான்ஸ்ல இருந்து வாரேனுங்க."

சரவணன் விடிகாலை முதல் பஸ்ஸிலேயே காங்கேயம் போய்விட்டான். அங்கே அவனுடைய அக்கா வீடு. கேட்டால் கொடுப்பாள், ஆனால் கேட்பதற்குள் இவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது மோகனப்பிரியாவுக்குத் தெரியும். சோமனூர்ப் பக்கம் வீட்டை ஒட்டினாற்போல எட்டு விசைத்தறி போட்டிருக்கிறவர்களுக்குப் பெயர்தான் முதலாளி. போன வருஷம் மோட்டார் மாற்றவும் கரண்ட் பில் பாக்கியைக் கட்டவும் கோயமுத்தூர் ஃபைனான்ஸ் ஒன்றில் நான்கு லட்சம் வாங்கினார்கள். நெசவுக் கூலி உயர்வு கேட்டு எல்லாரும் தறிகளை நிறுத்திவைத்த மாதங்களில் தவணை தவற ஆரம்பித்து, இப்போது ஐந்து நிற்கிறது.

ஆனால் அவள் ஒன்றும் வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. போன வாரம் சூலூரில் இலவசச் சட்ட உதவி முகாமுக்குப் போய், அன்புச்செல்வி என்கிற வக்கீலம்மாவிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடமும் செய்திருந்தாள். கடன் கொடுத்தவனுக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் காலை எட்டு மணிக்கு முன்னாலும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பின்னாலும் வரக்கூடாது. அடையாள அட்டை வேண்டும், கம்பெனிக் கடிதம் வேண்டும். ஏசக்கூடாது, மிரட்டக்கூடாது. நோட்டீஸ் கொடுக்காமல், உங்கள் சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல், ஒரு துரும்பில்கூடக் கை வைக்கக்கூடாது.

"கார்டு இருக்குதுங்களா?" என்று கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கூர்மையாக வந்தது.

ஈஸ்வரமூர்த்தி கழுத்தில் மாட்டியிருந்த அட்டையைத் தூக்கிக் காட்டினார். கேட்காமலே கடிதத்தையும் எடுத்து நீட்டினார். மணி பத்தேகால். அந்த மனுஷனிடம் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. நான்கு வார்த்தை கெட்டதாகப் பேசியிருந்தால் வக்கீலம்மாவின் நம்பரை அப்போதே அழுத்தியிருப்பாள்.

"உக்காருங்க," என்றாள் வேறு வழியில்லாமல். வீட்டு வாசலுக்கு வந்தவரை நிற்க வைத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. தண்ணீர்ச் செம்பையும் கொண்டுவந்து வைத்தாள். அவர் அண்ணாந்து குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்து மடியில் விரித்தார்.

"இதைச் சித்தப் பாருங்க அம்மணி. கையெழுத்து உங்க ஊட்டுக்காரருதுதானுங்களே?"

சரவணனின் கையெழுத்துத்தான். அவன் எங்கே கையெழுத்துப் போட்டாலும் கடைசியில் ஒரு கோடு இழுப்பான். அதற்கு மேலே, கடனுக்கு ஈடு என்ற இடத்தில், தொழில் சரக்கு, காடா துணி, பன்னிரண்டு லட்சம் மதிப்பு என்று எழுதியிருந்தது.

காடா என்றால் வெளுக்காமல், சாயம் போடாமல் தறியிலிருந்து இறங்குகிற துணி. காடா துணியா? அது யாருடைய துணி?

தறியில் ஓடுகிற பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஜவுளி முதலாளி அரங்கசாமி கொடுத்தது. குறுக்கே ஓடுகிற ஊடை நூலும் அவர் கொடுத்ததுதான். நெய்து மடித்துக் கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. பத்து வருஷமாக அதுதான் ஏற்பாடு. எட்டுத் தறியிலும் ஒரு இழைகூட இவர்களுடையது கிடையாது. ஆனால் இந்தப் பக்கத்தில் கூலிக்கு நெய்கிற யாரையும் தறி முன்னால் நிறுத்தி, இது யார் துணி என்று கேட்டுப் பாருங்கள். நம்மளுதுதானுங்க என்றுதான் வாயில் வரும். போன வருஷம் ஃபாரம் நிரப்ப வந்த பையன் கேட்டபோது சரவணனுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். பேச்சுவாக்கில் வந்தது பாதி. கடன் கிடைத்தால் போதும் என்று அதை அப்படியே விட்டது மீதிப் பாதி. புருஷன் என்பதற்காக அவள் அதை மறைத்துப் பேச முடியாது.

"இது எங்க துணி இல்லீங்க," என்றாள்.

"எழுதிக் குடுத்திருக்கறாருங்களே அம்மணி."

"அது தெரியாம எழுதுனதுங்க. நாங்க கூலிக்கு ஓட்டறவங்க."

ஈஸ்வரமூர்த்தி தலையை ஆட்டினார். வருத்தப்படுகிற மாதிரியே இருந்தது. "அப்படின்னா அடுத்தவங்க பொருளைத் தன்னோட பொருள்னு சொல்லிக் கடன் வாங்கியிருக்கறாருங்க. அதுக்கு வேற பேருங்க அம்மணி. நான் சொல்லலீங்க, சட்டம் சொல்லுது. துணி உங்களுதுன்னா இந்தச் சம்மதக் கடுதாசில கையெழுத்துப் போடுங்க, மடிச்சு வெச்சிருக்கறதை மட்டும் எடுத்துட்டுப் போயர்றோம். உங்களுது இல்லீன்னா, அதையும் எழுதிக் குடுத்துருங்க."

அவர் இரண்டு வெள்ளைத் தாளை எடுத்து இரண்டு பேனாவையும் அதன்மேல் வைத்தார். அதற்குத்தான் இரண்டு பேனாவா என்று அவளுக்கு அந்த நேரத்திலும் எரிச்சல் வந்தது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அரங்கசாமியின் துணி போகும். இன்னொன்றில் போட்டால் சரவணன் ஸ்டேஷனுக்குப் போவான்.

"எதுலயும் போட மாட்டேனுங்க. என் சம்மதம் இல்லாம நீங்க எடுக்கக்கூடாது. கோர்ட் ஆர்டர் இருக்குதுங்களா?"

"இல்லீங்க," என்றார் அவர் உடனே. "எடுக்கவும் முடியாதுங்க. கேக்கத்தானுங்க வந்தேன்."

அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். சரி, கேட்டாச்சு, கிளம்புங்க என்று சொல்லியிருந்தால் அவர் கிளம்பித்தான் ஆகவேண்டும். ஆனால் அதே நேரத்தில் குட்டியானை உறுமிக்கொண்டு பின்னால் நகர்ந்து, தறிக்கூடத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மிக்சர் தின்றவன் இறங்கிக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். உள்ளே தறி ஓட்டிக்கொண்டிருந்த பாவாத்தாள் வெளியே ஓடிவந்தாள்.

"அம்மிணி, இந்த ஆளு உள்ள வந்து பீஸைத் தொட்டுத் தொட்டு எண்ணறானுங்க!"

"கௌதமா, சும்மா இரு," என்று ஈஸ்வரமூர்த்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். கௌதமன் வெளியே வந்து சும்மாதான் நின்றான். வாசல்படியில் சாய்ந்துகொண்டு, நாளைக்கு அனுப்ப மடித்து அடுக்கியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தன் எதையும் தூக்காமல் நின்றே ஒரு வீட்டை நடுங்க வைக்க முடியும் என்று எந்த வக்கீலும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

இருந்த பெண்கள் இரண்டே பேர். அவன் ஒரு கட்டைத் தூக்கி வண்டியில் போட்டால் யார் தடுப்பது? போலீசுக்குப் போனால், துணி யாருடையது என்றுதான் முதல் கேள்வி வரும். போன துணிக்கு அரங்கசாமிக்கு என்ன பதில் சொல்வது? பத்து வருஷ நம்பிக்கை. அவர் பாவு கொடுக்கவில்லை என்றால் எட்டுத் தறியும் பழைய இரும்புக்குத்தான் போகும். அவள் போனை எடுத்தாள்.

"இருங்க. துணி யாருதுன்னு அவுரு வாயாலயே கேளுங்க."

ஈஸ்வரமூர்த்தி என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் கேட்கிற நிலையில் இல்லை. அரங்கசாமியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லு கண்ணு," என்றார் அரங்கசாமி.

அவள் சொன்னாள். மூச்சு வாங்க, ஒன்று விடாமல் சொன்னாள். ஃபைனான்ஸ்காரர் வந்திருக்கிறார், வண்டியோடு வந்திருக்கிறார், உங்கள் துணியை எங்கள் துணி என்கிறார், நீங்களே சொல்லுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாகக் கேள்விகள் வந்தன. எந்த ஃபைனான்ஸ்? எவ்வளவு? எத்தனை தவணை நிற்கிறது? என்ன எழுதிக் கொடுத்திருக்கிறான்? என்றைக்கு? அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். காப்பாற்ற வந்தவரிடம் எதை மறைப்பது?

"அந்த ஆளுகிட்டக் குடு."

"இங்கதானுங்க கேட்டுட்டிருக்கறேன்," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"கேட்டுக்கோங்க. அங்க இருக்கற நூலு, துணி, அத்தனையும் என்னோடது. சலான் நம்பரோட பில்லு இருக்குது. ஒரு முழம் வெளிய போனாலும் திருட்டுக் கேஸுதான். வண்டி நம்பரை எழுதி வெச்சுக்க, அம்மணி."

ஈஸ்வரமூர்த்தி எழுந்துவிட்டார். தாளையும் பேனாவையும் பையில் போட்டுக்கொண்டு கௌதமனுக்குக் கையைக் காட்டினார். மோகனப்பிரியா ஜெயித்துவிட்டாள். கையெழுத்தும் போடவில்லை, துணியும் போகவில்லை. சரவணன் வந்ததும் முதலில் நாலு திட்டு, பிறகுதான் இந்தக் கதை என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

செருப்பை மாட்டிக்கொண்டே அவர் திரும்பினார். முதல் தடவையாக அவர் குரலில் தரகர் இல்லை.

"அம்மணி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க கடனைப் பத்தி மூணாவது ஆளுகிட்ட நான் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசுனா என்னோட வேலையே போயிரும். அவுருக்கு நீங்களே சொல்லிப்போட்டீங்களே."

வண்டி போய்விட்டது. அவர் சொன்னது அவளுக்கு அப்போது பாதிதான் உறைத்தது. போகிற போக்கில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட்டுப் போகிறான் என்று பாவாத்தாளிடம் சொன்னாள். இரண்டு பேரும் டீ வைத்துக் குடித்தார்கள்.

இரண்டரை மணிக்கு அரங்கசாமியின் லாரி வந்தது. மேனேஜர் லட்சுமணசாமியும் நான்கு ஆட்களும் இறங்கினார்கள். மடித்து வைத்த துணியை ஏற்றினார்கள். நாளைக்குப் போகவேண்டியது இன்றைக்கே போகிறது, நல்லதுதான் என்று அவளே ஒரு கை பிடித்துக் கொடுத்தாள். பிறகு அவர்கள் ஊடை நூல் மூட்டைகளைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு ஒருத்தன் முதல் தறியின் சுவிட்சை அணைத்து, இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க? பாதிப் பாவு இன்னும் ஓடோணுமுங்க!"

"முதலாளி சொல்லிட்டாருங்க அம்மணி," என்றார் லட்சுமணசாமி. அவளைப் பார்க்காமல் சலான் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். "அவுரு பொருளைக் காட்டி உங்க ஊட்டுக்காரரு கடன் வாங்கியிருக்கறாரு. நாளைக்குக் கோர்ட்டு கேசுன்னு இழுத்தா யாரு அலையறது? தப்பா நெனச்சுக்காதீங்க."

"அவுருகிட்ட நான் ஒரு வார்த்தை பேசறேனுங்க."

"பேசுங்க."

மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாவது தடவையும் அவர் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவள் கூப்பிடவில்லை. வக்கீலம்மாவைக் கூப்பிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கூப்பிட்டு என்ன சொல்வது? வந்திருப்பது கடன்காரன் இல்லை. அவருடைய நூலை அவர் எடுத்துக்கொண்டு போகிறார். சட்டத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அதைத் தடுக்க வழி கிடையாது. இந்த நூல் தன்னுடையது இல்லை என்று காலையில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவள் அவள்தானே!

பாவு நூலை அறுத்து உருளையோடு இறக்கினார்கள். ஒவ்வொரு தறியாக நின்றது. எட்டாவது தறி நின்றபோது பாவாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வரட்டுங்களா அம்மிணி?" என்று கேட்டாள். மோகனப்பிரியா சொல்லியனுப்புகிறேன் என்றாள். லட்சுமணசாமி நீட்டிய சலானில் கையெழுத்துப் போட்டாள். காலையில் எதிலும் போடமாட்டேன் என்று நின்ற அதே கைதான் போட்டது.

லாரி முக்குத் திரும்பும்போது போன் அடித்தது. சரவணன்.

"கண்ணு, அக்கா குடுத்துட்டாங்க! நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே எடுத்துக் குடுத்துட்டாங்க. அஞ்சு தவணையையும் நாளைக்கே கட்டிப்போடலாம். இனி எவனும் நம்ம வாசல்ல வந்து நிக்கமாட்டான்." அவன் சிரித்தான். பல நாளாக அவள் கேட்காத சிரிப்பு. பிறகு கொஞ்சம் நிறுத்தினான். "என்ன, தறிச் சத்தத்தையே காணோம்? கரண்ட் போயிருச்சா?"

அவள் தறிக்கூடத்துக்குள் பார்த்தாள். எட்டுத் தறிக்கு மேலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இல்லீங்க," என்றாள். "கரண்ட் இருக்குதுங்க."