கைப்பட்டை கட்டியவர்களுக்கு மட்டும்

மாதனூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு ரிசார்ட் திறந்தார்கள். வருகிறவர்களின் மணிக்கட்டில் மயில் முத்திரை போட்ட தோல்பட்டை ஒன்றைக் கட்டிவிடுவார்கள். கட்டிக்கொண்டவர்களுக்கு உள்ளே எல்லாமே இலவசம். இலவசம் என்றால், முன்கூட்டியே மொத்தமாகக் கறந்தாயிற்று என்று அர்த்தம். காலை இட்லியிலிருந்து ராத்திரி ஐஸ்கிரீம் வரை தின்னலாம், நீச்சல் குளத்தில் கிடக்கலாம், ஒட்டகச் சவாரி போகலாம். "இந்த ஊரு வெயிலுக்கு ஒட்டகம் ஒண்ணுதான் கொறச்சலு" என்று பூவம்மாள் திட்டினாள்.

திட்டாமல் என்ன செய்வாள்? அவளுடைய பிரியாணிக் கடை ரிசார்ட் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அவள் கடை போட்ட காலத்தில் அது அருவிக்குப் போகும் வழி. ஞாயிற்றுக்கிழமையானால் வேலூரிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் வேன் வேனாக வருவார்கள். குளித்துவிட்டு அகோரப் பசியோடு திரும்பி, அவள் கடை பெஞ்சில் இடம்பிடிக்கச் சண்டை போடுவார்கள். இப்போது அந்த வழி ரிசார்ட் கேட்டுக்குள் போய்விட்டது. பட்டை இல்லாத வேன்களைக் காவலாளி திருப்பி அனுப்பினான். பட்டை கட்டி உள்ளே போனவர்களோ கொடுத்த காசுக்குத் தின்று தீர்ப்பதிலேயே குறியாக இருந்தார்கள். வெளியே எட்டிப் பார்க்கவும் நேரமில்லை. பக்கத்தில் இளநீர் விற்ற எல்லம்மா, விற்காத இளநீரைத் தானே குடித்துக் குடித்துச் சளி பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பூவம்மாள் தனக்குத்தானே ஒரு கெடு வைத்திருந்தாள். இன்றைக்குப் பிரியாணி டேக்சா காலியானால் கடை தொடரும். சோறு மிஞ்சினால் நாளைக் காலையில் கம்பெனி பஸ். ஷூ கம்பெனியில் பேர்கூடக் கொடுத்தாயிற்று. முன்னே பல வருஷம் அங்கே தையல் மெஷினில் உட்கார்ந்தவள்தான். மணி அடித்தால் வேலை, மணி அடித்தால் டீ, மணி அடித்தால்தான் பசிக்கவே வேண்டும். அதை உதறிவிட்டு வந்து தன் அடுப்பு, தன் கரண்டி, தன் வாய் என்று ராணி மாதிரி இருந்தவளுக்கு, மறுபடி அந்த பஸ் படியில் கால் வைக்க மனசே வரவில்லை. ஆனாலும் வீம்புக்குச் சீரகச் சம்பாவை எப்போதும் போலவே நிறையப் போட்டு, டேக்சா மூடியின்மேல் நெருப்பை அள்ளித் தம் போட்டாள். பக்கத்துச் சட்டியில் கத்திரிக்காய் எண்ணெயில் மினுங்கிக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் தேவசகாயம் ஒரு சின்னத் தோல் பட்டறையில் கட்டிங் வேலை பார்த்தான். ரிசார்ட் மேனேஜர் சம்பத் மயில் பட்டைகளை அந்தப் பட்டறையில்தான் செய்யக் கொடுத்திருந்தான். அவன் கேட்டது ஐநூறு. தோல் வேலையில் ஐநூறு கேட்டால் அறுநூறு வெட்டுவார்கள். மாடு முள்வேலியில் உரசிய தழும்பும் உண்ணி கடித்த புள்ளியும், முத்திரை அடித்துப் பாலிஷ் போட்ட பிறகுதான் பல்லைக் காட்டும். தேறியது ஆர்டருக்கு, தேறாதது ரிஜெக்ட், ரிஜெக்ட் வீட்டுக்கு. ஆம்பூர்ப் பக்கம் இதை யாரும் தப்பென்று நினைப்பதில்லை, சொல்லிக்கொள்வதும் இல்லை. அதனால் ஒரு பை நிறைய மயில் பட்டை ஊருக்குள் வந்து சேர்ந்தது. எல்லம்மாவின் ஆட்டுக் கழுத்தில் ஒன்று தொங்கியது. பூவம்மாள் கறிவேப்பிலைக் கட்டுக்கு ஒன்று சுற்றியிருந்தாள்.

மத்தியானம் அரக்கோணத்திலிருந்து ஒரு வேன் வந்தது. காவலாளி கையை ஆட்டி விரட்டிவிட்டான். பிள்ளைகள் நடுரோட்டில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தன.

"அருவி பாக்கத்தாங்க வந்தோம்" என்று அவர்களுடைய அம்மா பூவம்மாளிடம் வந்து புலம்பினாள். "புள்ளைங்க ராத்திரில்லாம் தூங்கல."

தேவசகாயத்துக்கு இளகிய மனசு, யோசனை கம்மி. கடைக்குள் தொங்கிய பையை எடுத்து வந்தான். "இந்தாம்மா, ஆளுக்கு ஒண்ணு கட்டிக்கினு போங்க. அருவியப் பாத்துட்டு நேரா இங்க வந்து சாப்பிட்டுருங்க, இன்னா?" பொண்டாட்டிக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்துவிட்ட பெருமையில் அவளைப் பார்த்துக் கண்ணடிக்க வேறு செய்தான்.

காவலாளி பட்டையைப் பார்த்தான், சல்யூட் அடித்தான், கேட்டைத் திறந்தான். தழும்பையும் புள்ளியையும் பார்க்க அவன் என்ன தோல் பரிசோதகனா?

போனவர்கள் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் தலை மதில்மேல் முளைத்தது. ஒரு கையில் ஐஸ்கிரீம். "அண்ணே! உள்ள சாப்பாடும் தர்றாங்கண்ணே! எவ்ளோ வேணா துன்னலாமாம்!"

அவ்வளவுதான். சர்ச் முடிந்து வந்தவர்கள் பைபிளோடு வந்து பட்டை கேட்டார்கள். லுங்கி, நைட்டி, மூக்கு ஒழுகும் குழந்தை என்று ஊரே மணிக்கட்டை நீட்டியது. காவலாளி சல்யூட் அடித்து அடித்துக் கை ஓய்ந்தான். எல்லம்மா ஓடிப்போய் ஆட்டின் கழுத்தில் கை வைத்தாள்.

"அடியே, அது ஆட்டுதுடி!" என்றாள் பூவம்மாள்.

"கழுவிட்டேன்க்கா" என்றவள் கேட்டைத் தாண்டியே போய்விட்டாள்.

கடைசியாகத் தேவசகாயம் தலையைச் சொறிந்தான். "அந்த அரக்கோணத்துக்காரங்களக் கையோட இட்டுக்கினு வர்றேன் பூவு." பட்டையைக் கட்டிக்கொண்டு அவனும் போய்விட்டான்.

ரோட்டில் ஆள் இல்லை. அவளும் டேக்சாவும் அவிழ்த்துவிட்ட ஆடும்தான் மிச்சம். பூவம்மாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ரிசார்ட்காரன் வெளியூர்க்காரன், அவனை விடு. தன் கையால் தின்று வளர்ந்த ஊர், தாலி கட்டிய மனுஷன்! கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசனையாவது ஊரைச் சுற்றட்டும் என்று மூடியைத் திறந்து விட்டாள்.

அப்போதுதான் கேட் திறந்தது. அரைக்கால் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பெங்களூர்க் குடும்பம் தயங்கித் தயங்கி ரோட்டைக் கடந்தது.

"ஆண்ட்டி, சாப்பிட ஏதாவது இருக்கா? உள்ள எல்லாப் பாத்திரமும் காலி. திடீர்னு எங்கிருந்தோ ஒரு பெரிய கல்யாணக் கூட்டம் வந்துடுச்சு."

"உக்காருங்க" என்றாள் பூவம்மாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"நேத்துலேர்ந்து இந்த வாசனை மதில் தாண்டி வந்து எங்களக் கொன்னுச்சு ஆண்ட்டி. இதுதானா அது!"

அவர்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் வந்தது. பிறகு பெஞ்சு போதவில்லை. எல்லம்மாவின் இளநீர் பெட்டிமேல் உட்கார்ந்தார்கள், மரத்தடியில் நின்றார்கள், கத்திரிக்காய்க்கு இரண்டாம் தடவை கையை நீட்டினார்கள். ஒருவர் சாப்பிட்டு முடித்துப் பழக்கதோஷத்தில் பட்டையைக் காட்டிவிட்டு நடந்தார்.

"சார், சார்! இங்க பட்டல்லாம் செல்லாது, காசுதான்" என்று பூவம்மாள் கரண்டியோடு துரத்தியதில் எல்லாருமே சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

விருந்தாளிகளைத் தேடிச் சம்பத் ஓடி வந்தான். டை தோள்மேல் கிடந்தது. "நான் வாங்கினதே ஐநூறு பட்டை. உள்ள எப்படிங்க அவ்ளோ பேர்?"

"எனக்கு இன்னா தெரியும் தம்பி" என்ற பூவம்மாள், கறிவேப்பிலைக் கட்டை மெதுவாக முந்தானைக்குள் தள்ளினாள். "மூஞ்சியே செத்துக் கெடக்குது. சாப்ட்டியா?"

அவன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. உட்கார்ந்தான். இரண்டாவது வாயில் கோபத்தை மறந்தான். "நாளைக்கு எங்க லன்ச் இங்கதான், கேட்டை அடைக்காதீங்க" என்று பெங்களூர்ப் பெண்மணி அவனிடம் கறாராகச் சொன்னபோது, வாய் நிறைந்திருந்ததால் தலையை மட்டும் ஆட்டினான்.

சாயங்காலம் ஊர் திரும்பியது. வெள்ளையாக எதையோ ஊற்றிய சேமியாவையும், உப்பில்லாத சூப்பையும், ஆளுக்கு நாலு ஐஸ்கிரீமையும் தின்று முகம் தொங்கி வந்தார்கள். முன்னால் வந்தவன் தேவசகாயம்.

"பூவு, ஒரே பேஜாரு. நாக்கே செத்துப்போச்சு. ஒரு பிளேட் போடு."

பூவம்மாள் டேக்சாவை அவன் பக்கம் சாய்த்துக் காட்டினாள். அடியில் ஒரு பருக்கை இல்லை. அவன் பாத்திரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகுதான் புரிந்து, பட்டை கட்டிய கையால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

மறுநாள் விடிந்ததும் கம்பெனி பஸ் கடை வாசலில் நின்று ஹாரன் அடித்தது. "பூவக்கா, பேரு குடுத்திருக்கியே, ஏறு ஏறு!" என்று ஜன்னலிலிருந்து பெண்கள் கூப்பிட்டார்கள்.

பூவம்மாள் ஈரக் கையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீங்க போங்கடி" என்றாள். "நான் அரிசி ஊற வெச்சுட்டேன்."