முதுகு காட்டும் வரையாடு

வரையாடுகளை ஆராயும் என் மனைவி சஹானாவுக்கு மாதத்தில் இருபத்தைந்து நாள் வால்பாறை மலையில், அவற்றோடுதான் குடித்தனம். மீதி ஐந்து நாள் மாமல்லபுரத்தில் என்னோடு. அந்த ஐந்து நாளும் ஆட்டுக்கதைதான். எனக்கு அலுத்ததே இல்லை. அவள் பேசும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே எனக்குப் போதும்.

ஒருமுறை அழுதுகொண்டே வந்தாள். சுற்றுலா வருகிறவர்கள் நீட்டும் பிஸ்கெட்டுக்குப் பழகி, மலைச்சாலையில் நின்ற ஒரு தாய் ஆட்டை வண்டி அடித்துவிட்டது. அதன் குட்டியும் இப்போது சாலைக்கே வந்து நிற்கிறதாம்.

"செக்போஸ்டாண்ட ஒரு வரையாடு சிலை வெக்கணும் பரணி. பர்மிஷன் வாங்கிட்டேன். இது காட்டு மிருகம், எதுவும் குடுக்கக் கூடாதுன்னு பாக்கறவங்களுக்குத் தோணணும். அந்தக் குட்டியாவது பொழைக்கட்டும்."

பதினைந்து வருடமாக நந்தி செதுக்குகிற கை என்னுடையது. அவள் கொடுத்த புகைப்படங்களைப் பார்த்து, கொம்பு, காது எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் கை தன் பழக்கத்தை விடவில்லை. காலை மடக்கி, சாந்தமாக, எதிரே நிற்பவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டது ஆடு. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

சஹானா வந்ததும் பட்டறைக்கு அழைத்துப்போனேன். எங்களுக்கு முன்பே எதிர் டீக்கடை ஜெகதாம்பாள் அங்கே நின்றிருந்தாள். சிலைக்குக் குங்குமம் வைத்து, வாயருகே ஒரு கட்டு அகத்திக்கீரையும் வைத்திருந்தாள்.

"இன்னா லட்சணமா கீது பாரு சஹானா! பாத்தாலே எதுனா குடுக்கணும்னு தோணுது."

சஹானா திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

உட்கார்ந்த ஆட்டை ஜெகதாம்பாள் கடைவாசலுக்கே கொடுத்துவிட்டு, மறுநாள் புதுக் கல்லை எடுத்தேன். இந்த ஆடு பாறையில் ஏறிப்போகிறது. சாலையில் நிற்பவருக்குத் தெரிவது முதுகும் பின்னங்கால்களும்தான்.

"இன்னா நைனா, பின்பக்கத்தையா செதுக்கிகினு கீற?" என்று பட்டறையே கேலி செய்தது. செய்துவிட்டுப் போகட்டும்.

சிலையை மலையில் வைத்து ஒரு மாதம் கழித்து சஹானா போன் செய்தாள்.

"காலையில குட்டி ரோட்டுக்கு வந்துச்சு பரணி. பஸ் நின்னுச்சு. ஒருத்தர்கூட கைய நீட்டல. கொஞ்ச நேரம் பாத்துச்சு..."

"அப்புறம்?"

"மேல ஏறிப் போயிடுச்சுய்யா. திரும்பிக்கூடப் பாக்கல."

தன்னைத் திரும்பிப் பார்க்காமல் போன ஒன்றுக்காக இப்படி ஒருத்தி சந்தோஷப்பட்டு அழுது நான் கேட்டதில்லை.