மூன்றாம் கட்டில்

அன்று காலை டெல்சி அக்காவிடம் நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்றுதான். மாலை நான்கு மணிக்கு என் அண்ணன் பைக்கில் வருவான். நான் அவனோடு போய்விடுவேன்.

கொட்டாரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் முதியோர் இல்லத்தில், கொரோனா இரண்டாவது அலை ஏழு பணியாளர்களில் ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. மிச்சம் நாங்கள் இருவர். பெரியவர்கள் பதினொரு பேர். நடக்க முடியாத ஆறு பேரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். பத்தொன்பது நாட்களாக வாசலைத் தாண்டவில்லை. எனக்குள் ஏதோ அணைந்துபோயிருந்தது. முந்தின நாள் ஒரு அம்மாளுக்குக் கஞ்சி ஊட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, அவர் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முகம் நினைவில் இல்லை.

டெல்சி அக்கா அப்படி இல்லை. கிருஷ்ணமணிப் பாட்டா அய்யாவழிக்காரர், சாமியை அய்யா என்று கும்பிடுகிறவர். நெற்றியில் திருநாமம் இடாமல் கஞ்சியைத் தொட மாட்டார். பக்கவாதத்தில் அவர் கை விழுந்த பிறகு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற டெல்சி அக்காதான் தினமும் இட்டுவிடுவாள். வெள்ளை மண்ணைக் குழைத்து, புருவ நடுவிலிருந்து மேலே, சுடர் போல ஒரே இழுப்பு. கையுறையோடு அவ்வளவு நேராக எப்படி வருகிறதென்று நான் வியப்பேன். அந்த வியப்புதான் எனக்குச் சாக்காகவும் ஆனது. அக்கா இருக்கிறாளே, அவள் பார்த்துக்கொள்வாள் என்று பையை அடுக்கிவிட்டேன்.

எட்டு மணிக்குக் கஞ்சியோடு ஆண்கள் அறைக்குள் போனேன். ஜன்னலோரக் கட்டிலில் கிருஷ்ணமணிப் பாட்டா உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏ மக்கா, இங்க வந்து பாரு. டெல்சி நம்ம அய்யாவுக்கு ஒரு ஆளச் சேத்துட்டா!"

மூன்றாம் கட்டிலில் கிளீட்டஸ் பாட்டா அசையாமல் உட்கார்ந்திருந்தார். இராஜாக்கமங்கலம் பக்கம் ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர். கழுத்தில் ஜெபமாலை. நெற்றியில் பளிச்சென்று நாமம். எதிரில் அக்கா நின்றிருந்தாள்.

இருமல் வந்தவர்களைத் தனியாக வைக்க, முந்தின நாள்தான் கட்டில்களை மாற்றியிருந்தோம். அதுவரை மூன்றாம் கட்டில் கிருஷ்ணமணிப் பாட்டாவுடையது. அக்காவின் கை பழக்கத்தில் அங்கே போயிருக்கிறது.

எனக்கும் சிரிப்பு வந்தது. கிளீட்டஸ் பாட்டாவிடம் கேட்டேன், "நீரு சொல்லப்பிடாதா பாட்டா?"

"என்னத்தச் சொல்ல? பிள்ள கண்ணத் தொறந்துட்டே ஒறங்குதா. எழுப்ப மனசு வரல, கேட்டியா."

அக்கா சிரிக்கவில்லை. தன் இடது கையிலிருந்த மாத்திரைக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கிருஷ்ணமணிப் பாட்டாவின் சர்க்கரை மாத்திரைகள். கிளீட்டஸ் பாட்டாவுக்குச் சர்க்கரை கிடையாது. நாமம், அடுத்து மாத்திரை, பிறகு கஞ்சி. அதுதான் தினசரி வரிசை.

"ஏட்டி சுபிதா, நாமம் மாறினா தொடச்சிரலாம். இது மாறியிருந்தா?"

"மாறல்லியே அக்கா."

"இன்னும் ஒரு நிமிசம். மாறியிருக்கும்."

இடுப்பில் கட்டியிருந்த மருந்து அலமாரிச் சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தாள். அத்தனை நாளும் அவள் யாரிடமும் கொடுக்காத சாவி.

"இனி என் கைய நம்பப்பிடாது. எனக்கு நாலு மணிக்கூர் ஒறங்கணும். நீ பாத்துக்கிடுவியா?"

தூங்காமல் நிற்கிற டெல்சியைத்தான் நான் இதுவரை பெரிதாக நினைத்திருந்தேன். முடியவில்லை என்பதை இப்படி அறை நடுவில் நின்று சொல்ல எனக்கு வராது. நான் பையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைக்கிறவள். அவளுக்கு வந்தது.

"அக்கா, சாயங்காலம் எங்க அண்ணன்..."

"தெரியும். பையப் பாத்தேன். போணும்னா போ ஏட்டி, ஒனக்கும் வீட்டுல பிள்ள இருக்கு. நான் எழும்பின பெறவு போ."

போய்ப் படுத்தாள். தலையணை எடுக்கக்கூட நிற்கவில்லை.

முதலில் மேனேஜரைக் கூப்பிட்டேன். "ரெண்டு பேரால முடியாது சார். இன்னைக்கே ஆள் வரணும்" என்றேன். இத்தனை நாளில் நாங்கள் இதைச் சொன்னதே இல்லை. அவர் மூச்சை இழுத்து, "பாக்கேன்" என்றார். "பாக்கேன்னு சொல்லாண்டாம். யாரு, எத்தன மணிக்குன்னு சொல்லுங்க." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிறகு அண்ணன். "இன்னைக்கு வராண்டாம்ணே. ஆள் வரட்டும். மொதல்ல அக்கா வீட்டுக்குப் போகட்டும், பெறவு நான்."

திரும்பி வந்து வெள்ளை மண்ணைக் குழைத்தேன். கிருஷ்ணமணிப் பாட்டாவின் நெற்றியில் என் சுடர் இடது பக்கம் சாய்ந்தது.

"கோணிப்போச்சு பாட்டா."

"கெடக்கட்டும். அய்யாவுக்குத் தெரியும், நீ புதுசுன்னு."

கிண்ணத்தில் எழுதியிருந்த பெயரை வாய்விட்டு வாசித்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். வலது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது, வேலைக்கு வந்த எட்டு மாதத்தில் நான் பார்த்திராத தழும்பு. பிறகு மாத்திரையைக் கொடுத்தேன்.

"மக்கா," மூன்றாம் கட்டிலிலிருந்து கிளீட்டஸ் பாட்டா மெல்லக் கூப்பிட்டார். "அவ எழும்பதுக்கு முன்ன இதத் தொடச்சிரு. பாத்தா வெசனப்படுவா."

ஈரத்துணியோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.