குரல் முன்னே, முகம் பின்னே

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. பம்பாய் சோர் பஜாரில் பழைய சினிமா போஸ்டர் விற்கும் ஒரு போரா முஸ்லிம் கடைக்காரர், நான் எதையும் வாங்கப்போகிற ஆளில்லை என்று தெரிந்த பிறகும் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பாட்டு ரீல் கெடச்சுது. அதுல நடிச்சவங்களோட பொண்ணு வந்து பாத்தாங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலே." அதற்குள் பணம் கொடுக்கிற வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார். என் டீயும் தீர்ந்துவிட்டது.

மற்றதெல்லாம் நான் கட்டியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் அந்தப் படம் எங்கே கிடைக்கும் என்று கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம். படம், நடிகை, மகள் எல்லாமே என் கைச்சரக்கு. இனிமேல் கதையே வேண்டாம், கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மஜ்காவ் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கலாம் என்று முடிவு செய்திருந்த நேரத்தில் இது வந்து ஒட்டிக்கொண்டது. எழுதித் தொலைத்தால்தான் விடும்.

முதல் வரி இப்படி வந்தது:

'1934-ல் வெளியாகி வட இந்தியா முழுவதும் ஓடிய "மிட்டீ கா தோதா" (மண்கிளி) என்ற பேசும்படத்தின் ஒரு பிரதிகூட இன்று—'

இது கலைக்களஞ்சியம். வேண்டாம். அடுத்தது:

'மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில்—'

மழையா? எனக்கே கொட்டாவி வருகிறது. மூன்றாவது:

'ரீபா பேண்கருக்குத் தன் தாயின் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது.'

இது நிற்கும். சொல்லப்போனால் கதையே இவ்வளவுதான். இதோடு நிறுத்திக்கொள்ளும் தைரியம் எனக்கில்லை என்பதால் மேலே போகிறேன்.

2

ரீபாவுக்கு அறுபத்திரண்டு வயது. பம்பாயின் பெயரை மாற்றிய வருஷத்தில் நடக்கிறது இது. துறைமுக அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். மராத்தி பேசும் பெனே இஸ்ராயேல் யூதக் குடும்பம். பைகுல்லாவில் இரண்டு அறை வீடு, ஊறுகாய் ஜாடிகள், பேச்சுத் துணைக்கு ரேடியோ.

அவளுடைய தாய் சாரா, திரையில் 'மிஸ் குமுதினி'. குடும்பப் பெண்கள் சினிமாப் பக்கம் தலைவைத்துப் படுக்காத காலம். துணிந்து போனவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு போனார்கள். சாரா நடித்தது ஒரே படம், 'மண்கிளி'. படம் வெளிவந்த மறுவருஷம் டைபாய்டில் போய்விட்டாள். ரீபா அப்போதுதான் நடை பழகியிருந்தாள்.

வளர்த்தது சாராவின் அக்கா ஏஸ்தர். மராத்தியில் அவள் மௌஷி, பெரியம்மா; பெற்றவள் ஆயி. அவள் சோறு போட்டாள், படிக்க வைத்தாள். தங்கையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டாள்.

"மௌஷி, ஆயியோட குரல் எப்படி இருக்கும்?"

"குரலா? குரல் மாதிரி இருக்கும். போய் அரிசியப் பொறுக்கு."

ஒரே ஒரு தடவை, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் திராட்சை ரசம் இரண்டு வாய் கூடுதலாகப் போனபோது, ஏஸ்தர் இன்னொரு செய்தி சொன்னாள். "பாட்டு மட்டும் அவளுது இல்லடி. அவளுக்குப் பாட வராது. இவ வாயசைப்பா, செட்டுச் சுவத்துக்குப் பின்னால ஒருத்தி ஒக்காந்துக்கிட்டுப் பாடினா. பேச்சுதான் இவளுது."

ஆக, பேச்சு வேண்டும். பாட்டு கிடைத்துப் பிரயோஜனமில்லை.

(இந்த இடத்தில் எனக்கு ரீபாவின் மேல் சந்தேகம் வந்தது. அறுபத்திரண்டு வயதில் ஒருத்திக்கு இது அவ்வளவு முக்கியமா? கண்ணை மூடிக்கொண்டு என் அம்மாவின் குரலை வரவழைத்துப் பார்த்தேன். அவள் சொன்ன சொற்கள் வந்தன, திட்டுகள் வரிசை மாறாமல் வந்தன. குரல் வரவில்லை. ரீபாவைச் சந்தேகிப்பதை அத்துடன் விட்டுவிட்டேன்.)

படம் கிடைத்துவிட்டது என்று இதற்கு முன்பும் சிலர் வந்ததுண்டு. ஒவ்வொரு தடவையும் ரீபா எலியாகு தீர்க்கதரிசிக்கு மலீதா வேண்டிக்கொண்டாள். அவலில் தேங்காயும் வெல்லமும் கலந்து, பழங்கள் வைத்து, உறவைக் கூட்டிச் செய்கிற நேர்த்தி அது. ஒன்றும் நிறைவேறவில்லை. கடைசியில் வேண்டிக்கொள்வதையே நிறுத்திவிட்டாள். அந்தப் பெரியவரையும் எத்தனை தடவைதான் வீணாக அலையவைப்பது என்று கேட்பாள்.

3

ஹாத்திம் என்று கடைக்காரருக்குப் பெயர் வைக்கிறேன். நாற்பது வயது, தங்க ஜரிகை வைத்த வெள்ளைத் தொப்பி. டீ கொடுத்தவருக்கு நல்ல பெயராக வைக்க வேண்டும் அல்லவா.

"மௌஷி, இந்தத் தடவ நெசம்தான்," என்றபடியே அவன் ரீபாவின் வீட்டுக்குள்ளே வந்தான்.

"போன தடவையும் நெசம்தான்னே. மெனக்கெட்டு தாதருக்கு வந்து ஒக்காந்தா, ரெண்டு கொழந்த போதும்னு படத்துல ஒரு டாக்டர் வந்து சொல்லிட்டுப் போனார்."

"டப்பா மேல மண்கிளின்னு எழுதியிருந்துதே, நான் என்ன பண்ண?"

"இப்ப என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் எழுதலே. அதான் நம்பிக்கையா இருக்கு."

ரீபா சிரிக்கவில்லை. அவன் டீக்குச் சர்க்கரை போட்டாள்.

"கான்தேஷ் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ்காரர் செத்துப்போயிட்டார். மகன் எல்லாத்தையும் எடைக்குப் போட்டான். அதுல ஒரு ரீல். வேற வேற படத்துப் பாட்டெல்லாம் வெட்டி ஒட்டினது. மூணாவது பாட்டுல உங்க ஃபோட்டோவுல இருக்கற அதே மொகம்."

"பாட்டா? அப்ப எனக்கு வேண்டாம்."

"என்ன மௌஷி, இவ்வளவு வருஷம் தேடிட்டு—"

"பாடறது அவ இல்லப்பா. எவளோ பாட அவ வாயசைக்கறத நான் என்னன்னு பாக்க? மொகம்தான் ஃபோட்டோவுல இருக்கே."

"ஃபோட்டோ அசையாதே," என்றான் ஹாத்திம்.

அவள் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது.

"சனிக்கிழம வர்றீங்களா?"

"சனிக்கிழமையா? யூதப் பொம்பளைய ஓய்வுநாள்ல கூப்பிடறதப் பாரு."

"சரி, வெள்ளி."

"வெள்ளிக்கிழம நீ தொழப் போக வேண்டாமா?"

"ஞாயிறு எடிட்டிங் ரூம் லீவு. மூணு சாமி சேந்து நம்மள திங்கக்கிழமைக்குத் தள்ளிட்டாங்க."

இப்போதுதான் ரீபா லேசாகச் சிரித்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வருவாள் என்று இருவருக்கும் தெரிந்தது.

4

(கதையை நிறுத்திவிட்டு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பொறுமையில்லாதவர்கள் ஐந்துக்குத் தாவலாம், ஆனால் பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

கூடாரக் கொட்டகைகளில் ஜனங்களுக்குப் பாட்டுப் பிடித்துவிட்டால் சில்லறையைத் திரையில் வீசி, இன்னொரு தடவை போடு என்று ரகளை செய்வார்கள். கொட்டகைக்காரர் என்ன செய்வார்? படப்பெட்டியைத் திருப்பி அனுப்பும்முன் பாட்டை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்வார். அப்படிச் சேர்ந்ததையெல்லாம் ஒட்டி ஒரு ரீலாக்கி, கடைசியில் தனியாக ஓட்டுவார். 'மண்கிளி'யின் மற்ற பாகம் என்னவாயிற்று என்கிறீர்களா? பிலிமில் இருக்கும் வெள்ளிக்காகக் காய்ச்சியிருப்பார்கள், மிச்சத்தில் வளையல் செய்திருப்பார்கள். பல படங்கள் அப்படித்தான் யார் யார் கையிலோ குலுங்கிவிட்டுப் போயின.

இன்னொன்று. பிலிம் சுருளில் ஒரு கட்டத்துப் படத்துக்கு உரிய ஒலி, அந்தக் கட்டத்துக்கு நேராக இருக்காது. பூ அளக்கிற முழத்தில் ஒரு முழம் சற்றுக் குறைய, முன்னால் தள்ளி இருக்கும். இயந்திரத்தில் படம் தெரிகிற இடமும் ஒலி எடுக்கிற இடமும் வேறு வேறு என்பதால் இந்த ஏற்பாடு. கொட்டகைக்காரர்கள் கண்ணால் பார்த்து வெட்டுகிறவர்கள். பாட்டு எந்தக் கட்டத்தோடு முடிகிறதோ அங்கே கத்தரி வைப்பார்கள். அதனால் பாட்டு முடிந்த பிறகு வரும் ஒலியில் ஒரு முழம், அவர்களுக்குத் தெரியாமலே பாட்டுத் துண்டோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

ஒரு முழம் என்பது ஒரு நொடிகூட இல்லை.)

5

'திங்கட்கிழமை பிற்பகல் ரீபா தன்னிடமிருந்த நல்ல புடவையை—'

இல்லை. சாதாரணப் புடவையில்தான் வந்தாள். நல்ல புடவையெல்லாம் முந்தைய தடவைகளிலேயே உடுத்தித் தீர்த்துவிட்டாள்.

தாதரில் ஒரு மாடி அறை, எடிட்டிங் மேசை, அதன் முன்னால் தத்து. தத்து ஹாத்திமின் சிநேகிதன், சினிமாவில் வேலை குறைந்துபோய்க் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்தான். டப்பாவைத் திறக்கும்முன் பீடியை ஜன்னலுக்கு வெளியே அணைத்தான். பழைய பிலிம், பொறி பட்டால் போதும், அறையே போய்விடும். திறந்ததும் அழுக்குக் காலுறை மாதிரி ஒரு நாற்றம் வந்தது. விளக்கை அணைத்துவிட்டு மெதுவாக ஓட்டினான்.

முதல் பாட்டில் யாரோ ஒரு ராஜா. இரண்டாவதில் ஊஞ்சல். மூன்றாவதில், ஒரு முற்றத்தில் உட்கார்ந்து மண்கிளிக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தாள் சாரா.

"மூக்கு என் மூக்கு," என்றாள் ரீபா.

பாட்டு அருமையாகத்தான் இருந்தது. கனத்த, பழக்கப்பட்ட குரல், மூச்சு இழுக்கும் இடம் தெரியாமல் பாடியது. அந்தக் குரலுக்கு ஏற்றபடி சாராவின் உதடுகள் அசைந்தன. ஓரிடத்தில் குரல் முன்னால் போய்விட, உதடு அவசரமாகப் பின்னால் ஓடியது. அவளுக்கு இருபத்தி மூன்று வயது. ரீபாவுக்கு மகளாக இருந்தால்கூடச் சின்ன மகளாகத்தான் இருக்க வேண்டும். பார்க்கப் பார்க்க ரீபாவுக்கு அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. முகம் கிடைத்துவிட்டது, அதுவும் அசைகிறது, இதற்கு மேல் ஆசைப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பாட்டு முடிந்தது. சாரா தலை நிமிர்ந்தாள். அதோடு அவள் போய்விட்டாள். அடுத்த படத்துப் பாட்டு, குடையும் பெரிய மீசையுமாக ஒரு கோமாளி வந்து நின்றான். அவன் வாய் மூடியிருந்தது.

"யாரு?"

உடனே டோலக் அதிரத் தொடங்கியது.

"யாரும் இல்ல மௌஷி," என்றான் ஹாத்திம் இருட்டில். "காத்துல கதவு ஆடுது. இருங்க, சாத்திட்டு வர்றேன்."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"இப்பதானே யாருன்னு கேட்டீங்க?"

"நான் வாயே தொறக்கல ஹாத்திம்."

தத்து இயந்திரத்தை நிறுத்தினான். கோமாளி குடையோடு அப்படியே நின்றான். பிறகு தத்து, பிலிமில் விரலை வைத்து அளந்தபடி, தயங்கித் தயங்கிச் சொன்னான். "பாட்டு முடிஞ்சதும் படத்துல யாரோ கதவத் தட்டியிருக்கணும் மௌஷி. அந்த சீனை வெட்டிட்டாங்க. குரல் மட்டும் இந்தப் பக்கம் தங்கிடுச்சு."

"பாடினவளோட குரலா?" என்றாள் ரீபா.

"பாடின குரல் இது இல்லையே," என்றான் தத்து.

ஹாத்திம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "மௌஷி, சத்தியமா நீங்கதான் கேட்டீங்கன்னு நெனச்சேன்," என்றான்.

6

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்றில், ரீபா வீட்டுக்குப் போய் மலீதா செய்கிறாள். பைகுல்லாவே கூடுகிறது. தேங்காய் மணத்தோடு கதை முடிகிறது. வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவள் இந்தத் தடவை வேண்டிக்கொள்ளவே இல்லை. வேண்டாததற்கு நேர்த்தி செய்யவைப்பது அவளை ஏமாற்றுகிற மாதிரி இருந்தது.

இரண்டாவதில், அது சாராவின் குரல்தானா என்று நிச்சயமாகத் தெரியாமல் போகிறது. இதைப் படித்தவர்கள் மெச்சுவார்கள். எனக்கு மனசு வரவில்லை. அறுபது வருஷம் காத்திருந்தவளுக்குச் சந்தேகத்தைக் கொடுத்து அனுப்ப நான் யார்? அது சாராவின் குரல்தான். நான் எழுதுகிறேன், நான் சொல்கிறேன்.

மூன்றாவதை எழுதத் தொடங்கினேன்:

"தத்து, இன்னொரு தடவ ஓட்டு," என்றாள் ரீபா. "அவ கேட்டதும் நிறுத்திடு. அந்த மேளம் வரக்கூடாது."

எத்தனையோ ஊர்களில், எத்தனையோ கூடாரங்களில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் டோலக்தான் பதில் சொல்லியிருக்கிறது. யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

தத்து பின்னால் சுற்றினான். மறுபடி முற்றம், மண்கிளி, யாருடைய குரலோ. சாரா தலை நிமிர்ந்தாள். குடைக்காரன் வந்தான்.

"யாரு?"

தத்து நிறுத்திவிட்டான். ஹாத்திம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆயி என்ற சொல்லை ரீபா வாழ்நாள் முழுவதும் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெயருக்கு உரியவளைப் பார்த்து, கூப்பிடுகிற மாதிரி, ஒரு தடவையும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தாள்.

'"நான்தான் ஆ—'

இல்லை, இதை என்னால் எழுத முடியவில்லை. அந்த அறையில் நான் இல்லை. கடைக்காரரும், அந்த மகள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை என்றுதானே சொன்னார். அந்த ரொம்ப நேரத்துக்குப் பிறகு என்ன என்று நான் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது. உங்களுக்கும் போய்விட்ட ஒருவர் இருப்பார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் இப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்களோ, அதை ரீபாவின் வாயில் வைத்துவிடுங்கள். மேளத்தைத் தத்து பிடித்து வைத்திருக்கிறான், அவசரமில்லை.