தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டவர்

மெக்கானிக்குக்குத் தன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ள ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அவர் கை பட்ட வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. மனைவியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மட்டும் அப்படிச் சுருக்கமாக முடியாது. வண்டியை விட்டுவிட்டு நடந்தே போய்விடலாமா என்று வாடிக்கையாளர்கள் யோசிக்கும் அளவுக்கு நீளும்.

"ஜப்பான்ல ஓடுற ரயிலு, பஸ்ஸு, லாரி எல்லாம் எங்க வீட்ல இருக்கு, தெரியுமா? அச்சு அசல்! அளவு மட்டும் நூத்தம்பதுல ஒரு பங்கு. பஸ் கண்ணாடியில வைப்பர்கூட இருக்கும். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கணும்."

அந்த வைப்பரை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பது தனிக்கதை. கிட்டப் பார்வை மங்கிப் போய் எத்தனையோ நாளாகிறது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண்டாட்டி இருந்தும், கண்ணாடி போட்டால் கிழவனாகிவிடுவோம் என்று ஒரு வீம்பு.

அவள் பகலெல்லாம் கடையில் மூக்குக் கண்ணாடிகளுக்கு அரிசியில் பாதிகூட இல்லாத ஸ்க்ரூக்களை முடுக்குவாள். மாலையில் அதே ஸ்க்ரூ டிரைவரோடு வீட்டின் பின்னறையில் உட்கார்ந்துவிடுவாள். கூரைக் கம்பி ஒடிந்த ரயில் பெட்டி, சக்கரம் தொலைந்த பால் லாரி, வெயிலில் வெளுத்த டவுன் பஸ் என்று ஜப்பான்காரர்கள் கழித்துப் போட்ட பொம்மை வண்டிகளைத் தேடி வாங்கி, பிழைக்க வைத்து, அலமாரியில் நிறுத்துவாள். புதுசை வாங்கி அடுக்க யாராலும் முடியும் என்பது அவள் கட்சி.

இந்த மாதிரிச் சேகரிப்பவர்களுக்கு ஊரில் ஒரு சங்கம் உண்டு. அத்தனை பேரும் ஆண்கள். தலைவர் பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் அவருக்குப் பெயர் ஸ்டேஷன் மாஸ்டர். வருஷத்துக்கு ஒருமுறை தண்டவாளமும் குட்டி ஊருமாக ஆளுக்கொரு மேசை கொண்டுவந்து, தண்டவாளத்தோடு தண்டவாளம் பூட்டி, மண்டபம் முழுக்க ஒரே பாதையாக்கி ரயில் விடுவார்கள். இந்த வருஷம் அவளையும் ஒரு மேசை கொண்டுவரச் சொன்னார்கள், ஒரு நிபந்தனையோடு. புது மேசை முதலில் தனியாக ஓடிக் காட்ட வேண்டும். முழு ரயிலும் அதிலுள்ள மேட்டுப் பாலத்தில் ஏறி இறங்கி, நிற்காமல் மூன்று சுற்று வர வேண்டும். தேறினால் பெரிய பாதையின் நடுவில் இடம். தேறாவிட்டால் சுவரோரம் தனியாக நிற்க வேண்டியதுதான்.

"அந்தம்மா அழகா அடுக்கி வைப்பாங்க. ஓட்டுறதெல்லாம் வேற கதை" என்று சங்கத்தின் பொருளாளர் சொன்னது எப்படியோ மெக்கானிக் காதுக்கு வந்துவிட்டது. அவருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவள் வழக்கம்போலத்தான் சாப்பிட்டாள்.

கண்காட்சியன்று காலை அவள் ரயில் பெட்டிகளை எடுத்துவர வண்டிக்குப் போனபோது, மேசைக்கு மெக்கானிக் காவல். சும்மா நிற்பாரா? தண்டவாளத்தை விரலால் தடவிப் பார்த்தார். வறட்டு இரும்பு! இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவள் இதைப் போய் மறந்துவிட்டாளே என்று மனசு இளகியது. சட்டைப் பையில் சின்ன எண்ணெய்க் குப்பி எப்போதும் இருக்கும். பாலத்து ஏற்றம் நெடுக மெல்லிசாக விட்டு, விரலால் தேய்த்தார். தண்டவாளம் பளபளத்தது. சொல்லிக் காட்டக் கூடாது என்று பெருந்தன்மையாக முடிவும் செய்துகொண்டார்.

ஆரஞ்சுப் பட்டை போட்ட எட்டுப் பெட்டி ரயில் கிளம்பியது. ஸ்டேஷன் தாண்டியது, வளைவு தாண்டியது, பாலத்தில் ஏறப் போனது. பாதி ஏற்றத்தில் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. ரயில் மெல்லப் பின்னால் வழுக்கி இறங்கியது. மறுபடி விட்டாள். மறுபடியும் வழுக்கியது.

பொருளாளர் தொண்டையைக் கனைத்தார். அவள் ரயிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம்கூட ஏறுச்சே... மோட்டாரப் பூட்டினதுல நான்தான் ஏதோ சொதப்பிட்டேன் போல."

எண்ணெய் பட்ட சக்கரம் மேட்டில் எப்படிச் சுழலும் என்று மெக்கானிக்குக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நைசாகத் துடைத்துவிட்டால் ஒரு காக்கா குருவிக்கும் தெரியாது. கூட்டத்தில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள் வேறு. ஆனால் அவள் தன் கையையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவரால் தாங்க முடியவில்லை.

"ரயில்ல ஒரு கோளாறும் இல்ல" என்றார், மண்டபத்துக்கே கேட்கும்படி. "அவ பூட்டினது அத்தனையும் சரி. நான்தான் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டேன்."

மண்டபமே சிரித்தது.

"என் ஸ்கூட்டரையும் இப்படித்தான் பாத்தீங்களா?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"என்னைய எவ்வளவு வேணும்னாலும் சிரிங்க சார். அவ வேலையில குத்தம் சொல்லாதீங்க."

காது மடல் சூடாக, திட்டு வாங்கத் தயாராக நின்றார். அவள் திட்டவில்லை. கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடி துடைக்கும் மருந்துக் குப்பியையும் துணியையும் எடுத்தாள். கூடவே ஒரு கண்ணாடியையும்.

"போட்டவரே துடைங்க. இதையும் மாட்டிக்கிட்டுத் துடைங்க. உங்க பவருக்குச் செஞ்சு எத்தனை நாளா பையில சுமக்கிறேன்!"

மாட்டிக்கொண்டார்.

மேசையில் நின்ற பஸ்ஸில் வைப்பர் தெரிந்தது. முதலில் அதுதான் தெரிந்தது. பிறகு பால் லாரியின் கதவில் ஜப்பான் எழுத்து, டாக்சியின் கூரை விளக்கு, ஸ்டேஷன் கடிகாரத்தில் முள். இத்தனை நாள் ஊரெல்லாம் தமுக்கடித்ததை இப்போதுதான் பார்க்கிறார். துடைத்துக்கொண்டே பாலத்தடிக்கு வந்தபோது கை நின்றது.

அங்கே பாதி திறந்த ஷட்டரோடு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். ஒரு சக்கரம் கழற்றிய வெள்ளை மினி லாரி. அதன் பக்கத்தில் குந்தியிருந்த எறும்பளவு மனிதன் இடது கைச் சட்டையை மட்டும் மடித்துவிட்டிருந்தான். அப்படி மடிப்பது உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான். தரையெல்லாம் கறுப்புக் கறுப்பாகக் கறை. எல்லாம் எப்போதோ தீட்டிக் காய்ந்தது.

"இது என்னம்மா?" என்றார்.

"எண்ணெய் சிந்தாம உங்க கடை எப்படி இருக்கும்?" என்றாள். "எண்ணெய் அங்க இருக்கட்டும். தண்டவாளத்துல வேணாம்."

ரயில் மூன்று சுற்றும் ஏறி இறங்கியது. நான்காவதாக ஒரு சுற்றையும் பொருளாளருக்காக ஓட்டிக் காட்டினாள். ஸ்டேஷன் மாஸ்டர் தானே ஒரு பக்கம் பிடித்து மேசையை நடுவில் கொண்டுபோய்ப் பூட்டினார்.

அன்று மாலைவரை அந்த மேசை ஓரத்தை விட்டு மெக்கானிக் நகரவில்லை. கைகளை மட்டும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். வருகிற ஒவ்வொருவரிடமும் மேசையைக் காட்டி, "இது எங்க வீட்டம்மா செஞ்சது" என்றார். பிறகு பாலத்தடியைக் காட்டி, "அது நான்" என்றார்.

பொருளாளர் குனிந்து கண்ணைச் சுருக்கினார். "எங்கங்க? ஒண்ணும் தெரியலையே."

மெக்கானிக் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"இந்தாங்க. போட்டுப் பாருங்க."