நெல்லித்தோப்புக்கு அடியில் கடல்

கனீஸ் பாத்திமா எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். பியூரெட்டுகளைக் கழுவுவதும் கரைசல் கலப்பதும், பிள்ளைகள் உடைத்த குடுவைகளைப் பதிவேட்டில் குறிப்பதும் அவர் வேலை. நான் அதே துறையில் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும் என்னிடம் ஆய்வகச் சாவி கேட்பார். தண்ணீர் ஏதோ சோதிக்கிறார் என்று தெரியும். சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். பத்து வருடம் அப்படித்தான் போனேன். ராஜ்கமல் வந்த அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன்.

ராஜ்கமல் நெல்லித்தோப்புக்காரர். பதினெட்டு வயதில் கட்சிக்கொடி கட்ட ஆரம்பித்து, நாற்பதை நெருங்கும்போது தொகுதியில் எல்லா வாசலும் தெரிந்த ஆளாகியிருந்தார். சட்டசபைத் தேர்தலுக்கு நாலு மாதம் இருந்தது. இந்த முறை சீட்டு அவருக்குத்தான் என்று கட்சியில் பேச்சு. கையில் இரண்டு பாட்டில் தண்ணீரோடு வந்தார்.

"மேடம், எங்க தெருவுல கிணறு, போர் எல்லாம் உப்பாயிடுச்சு. எதிர்க்கட்சிக்காரர் ஒருத்தர் ஐஸ் கம்பெனி வெச்சிருக்கார். உப்புத் தண்ணியில வெச்சுத்தான ஐஸ் கட்டுறாங்க, அந்தக் கழிவு எறங்குது. ஞாயித்துக்கிழமை கட்சிக் கூட்டம். கண்டனத் தீர்மானம் போடப்போறோம். நீங்க ஒரு நம்பர் மட்டும் எழுதிக் குடுங்க."

"எந்த நம்பர்?" என்றார் கனீஸ்.

"கொஞ்சம் பெருசா இருந்தா நல்லது."

கனீஸ் பாட்டிலிலிருந்து அளந்து குடுவையில் ஊற்றினார். நிறங்காட்டிக் கரைசலைச் சில சொட்டு விட்டதும் தண்ணீர் எலுமிச்சை மஞ்சளானது. மேலே பியூரெட் குழாயில் வெள்ளி நைட்ரேட் கரைசல். திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டார். இடது கை குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. வெகு நேரம் மஞ்சள் மாறவில்லை. ராஜ்கமல் செல்போனை எடுக்கப் போனார். "இப்பப் பாருங்க" என்றார் கனீஸ். அடுத்த சொட்டில் குடுவை முழுக்கச் செங்கல் நிறம் படர்ந்தது, திரும்பிப் போகவில்லை.

"ஒரே சொட்டா?"

"ஒரே சொட்டுதான்."

அளவைக் குறித்துவிட்டு, குடுவையைக் கழுவி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"அதான் வந்துடுச்சே, மேடம்."

"உங்க கூட்டத்துல கை தட்டுனா தீர்மானம் ஆயிடும். இங்க மூணு தடவை ஒரே நம்பர் வரணும்."

மூன்று தடவையும் ஒன்றேதான் வந்தது. லிட்டருக்கு ஆயிரத்து நூற்று எண்பது மில்லிகிராம் குளோரைடு. குடிக்கிற தண்ணீரில் இருநூற்றைம்பதைத் தாண்டுவது நல்லதில்லை. ராஜ்கமல் முகம் மலர்ந்தது. அவர் நினைத்ததைவிடப் பெரிய நம்பர்.

அப்போது கனீஸ் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு வரைபடத்தை மேசைமேல் விரித்தார். கடற்கரையிலிருந்து நெல்லித்தோப்பு வரை அறுபத்துநாலு கிணறுகளும் போர்களும் புள்ளிகளாக இருந்தன. முல்லா வீதியில் அவருடைய வீட்டுக் கிணறுதான் முதல் புள்ளி. பத்து வருடத்துக்கு முன் அது கரிக்க ஆரம்பித்ததும் அளந்து பார்த்திருக்கிறார். பிறகு பக்கத்து வீடு, அடுத்த தெரு. மாதம் ஒருமுறை ஒவ்வொரு புள்ளிக்கும் நடந்தே போய்ப் பாட்டிலில் பிடித்து வந்திருக்கிறார். ஊரடங்கில் கல்லூரி மூடிக்கிடந்த மாதங்களில்கூட, பக்கத்துத் தெருக்காரர்களிடம் சொல்லி வாங்கிய பாட்டில்களைத் தேதி எழுதிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவைத்து, கல்லூரி திறந்த பிறகு ஒவ்வொன்றாக அளந்திருக்கிறார். "குளோரைடு கெட்டுப்போவாது, காத்திருக்கும்" என்றார்.

"இதுதான் ஐஸ் கம்பெனி" என்று விரல் வைத்தார். "கழிவு எறங்குனா, இதைச் சுத்தித்தான உப்பு அதிகமா இருக்கணும்? ஒட்டுனாப்புல மேக்கால இருக்கிற கிணறு நல்லா இருக்குது. கெழக்கால வாங்க."

கிழக்கே போகப் போக ஒவ்வொரு புள்ளியிலும் எண் ஏறிக்கொண்டே போனது. வருடங்களைப் பார்த்தால், அதே எண்கள் தெருத் தெருவாக மேற்கே வந்துகொண்டிருந்தன. முதல் வருடம் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அடுத்த வருடம் அந்தக் கோடு கொஞ்சம் உள்ளே. பத்தாவது கோடு ராஜ்கமலின் தெருவுக்கு வந்திருந்தது.

"இது என்னா, மேடம்?"

"கடல்."

நாங்கள் மூவரும் நின்றுகொண்டிருந்த தரையை நான் குனிந்து பார்த்தேன். இத்தனை வீடுகளுக்கும் கடைகளுக்கும் கோயில்களுக்கும் அடியில், ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு சமுத்திரம் ஊருக்குள் நடந்து வந்திருக்கிறது. அலை இல்லை, நுரை இல்லை. ஒரு பெண்மணி மட்டும் அதன் ஒவ்வொரு அடியையும் எண்ணியிருக்கிறார். முனைவர் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் வீட்டில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நாம அடியில இருக்கிற நல்ல தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச, அந்த எடத்துக்கு அது வருது" என்றார் கனீஸ். "எல்லாத்துலயும் ஆழமான போர் எதுன்னு இதுலயே இருக்குது, பாருங்க."

ராஜ்கமல் பார்த்தார். அது அவர் கட்சியின் தொகுதிச் செயலாளர் சூசைநாதன் கட்டிய அடுக்குமாடி. சீட்டு யாருக்கு என்று சொல்லவேண்டியவரும் அவர்தான்.

"இதுக்கெல்லாம் உங்களுக்கு என்னா கெடச்சுது?" என்று ராஜ்கமல் கேட்டார்.

"பிஎச்.டி.க்கு ரெண்டு தடவை எழுதிப் போட்டேன். வழிகாட்ட யாரும் ஒத்துக்கல. ஆனா ஆசை போவல, தம்பி. பட்டம் இல்லன்னா அளக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

வழிகாட்ட ஒத்துக்கொள்ளாத அந்த 'யாரும்' என்பதில் நானும் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ராஜ்கமலே பிறகு என்னிடம் சொன்னார். கல்யாண மண்டபத்தில் முந்நூறு பேர். தீர்மானத்தை முன்மொழிய அவரைக் கூப்பிட்டார்கள். அச்சடித்த தாள் கையில் இருந்தது. ஐஸ் கம்பெனி என்ற இடத்துக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டாராம். தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பத்து வருட எண்களைச் சொல்லியிருக்கிறார். "இது எதிரி பண்ணதில்ல, நாம பண்ணது. நம்ம போர்களை மூடணும்" என்றிருக்கிறார். சூசைநாதன் மேடையிலிருந்தே, "உக்காரு, ராஜ்கமல்" என்றார். ஒரு கைகூடத் தட்டவில்லை. பத்து நாளில் சீட்டு வேறொருவருக்குப் போனது.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தேர்தல் முடிந்த மறுவாரம் ராஜ்கமல் ஆய்வகத்துக்கு வந்தார். "அக்கா, ஓட்டு கேக்கத்தான் இருபது வருஷம் வாசல் வாசலா போனேன். இப்ப போரை மூடச் சொல்லிக் கேட்டுப் போறேன். எந்த வீட்டுலருந்து ஆரம்பிக்கட்டும்?"

முதலில் தன் போரை மூடினார். பிறகு, பெரிய மார்க்கெட்டில் பூ விற்கும் செல்வாம்பாளின் வீட்டுக்கு ஏழு தடவை போனார். எட்டாவது தடவை செல்வாம்பாள், "உன் தொல்லை தாங்கல" என்று மோட்டாரைக் கழற்றினார். மூடியவர்கள் குழாய்த் தண்ணீரோடு சமாளித்தார்கள். மொட்டைமாடி மழையைக் குழாய் வைத்துப் பழைய கிணற்றில் இறக்கினார்கள். முதல் மழைக்காலத்துக்குள் பதினோரு வீடு. ராஜ்கமல் தெருவின் எண் குறையவில்லை, பதினைந்து கூடியது. மூன்று வீட்டுக்காரர்கள் மோட்டாரைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். அடுத்த மழைக்குள் ராஜ்கமல் நாற்பது வீடு சேர்த்தார். சூசைநாதனின் அடுக்குமாடி மட்டும் அசையவில்லை.

அந்த மழை முடிந்து, தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ராஜ்கமலும் வந்திருந்தார். அவர் தெருத் தண்ணீர் முதல் தடவை ஆயிரத்து நூற்று முப்பது காட்டியது, போன வருடத்தைவிட அறுபத்தைந்து குறைவு. கனீஸ் குடுவையைக் கழுவினார். இரண்டாவது தடவை அதே எண். மூன்றாவது தடவை திருகை இன்னும் மெதுவாகத் திறந்தார். அதே எண்தான்.

ராஜ்கமல் முக்காலியில் உட்கார்ந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது நல்ல மழையினாலயும் இருக்கலாம்" என்றார் கனீஸ். "இன்னும் ரெண்டு வருஷம் பாக்காம சொல்ல முடியாது."

"பாக்கலாம், அக்கா."

அன்று மாலை மார்க்கெட்டுக்கு நானும் ராஜ்கமலோடு போனேன். செல்வாம்பாள் சாமந்தி தொடுத்துக்கொண்டிருந்தார். ராஜ்கமல் எண்ணைச் சொன்னார். அது பெரிதா சிறிதா என்று செல்வாம்பாளுக்குப் பிடிபடவில்லை.

"அதாவது, கடலு கொஞ்சம் பின்னால போன மாதிரி தெரியுது, ஆயம்மா. ஆனா உறுதியாச் சொல்ல இன்னும் ரெண்டு வருஷம் ஆவும்."

செல்வாம்பாளின் கை நின்றது. கடற்கரைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு நாரை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"சரி, அப்ப மோட்டாரு இன்னும் ரெண்டு வருஷம் பரண்லயே கெடக்கட்டும்."