இரண்டு பத்து இஞ்ச்

காலையிலிருந்து மரப்பெட்டிகளைத் தூக்கியதில் இடுப்பு கழன்றுவிடும்போல வலித்தது. நான் செய்த ஆம்ப்ளிஃபயரைப் பார்க்கக் கிட்டார்காரர் வந்திருந்தார். சத்தம் பிடிக்காவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். அந்தப் பெட்டியிலிருந்த ஒற்றைப் பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கரில் வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தடிக்கம்பி கொழகொழங்குதே."

"ரெண்டு பத்து இஞ்ச் போடுண்ணே," என்றாள் தங்கை.

"பத்துல கொசுதான் பாடும், போடி."

"பெரிசா இருந்தாதான் உனக்குக் காதே கேக்கும்!" என்றவள், தான் கிட்டார் வாசிக்கும் ஸ்பீக்கர் பெட்டியின் முன்பலகையை இரண்டு ஸ்பீக்கரோடும் கழற்றி என் பெட்டியில் மாட்டினாள்.

அவர் ஒரே ஒரு முறை மீட்டினார். ஆறு கம்பிகளும் ஆறு ஆட்களாக எழுந்து நின்றன. தடிக்கம்பியின் அதிர்வு தரைவழியே வந்து என் முழங்காலில் ஏறியது. இத்தனூண்டு காகிதக் கூம்பா இதைச் செய்கிறது? மூவரும் மலைத்துப்போய் நின்றோம்.

பெட்டியை அவர் அப்படியே கொண்டுபோய்விட்டார். தங்கைக்கு அந்த இரண்டு பத்து இஞ்ச் ஸ்பீக்கர்களை நான் இன்னும் திருப்பித் தரவில்லை.